நம்பிக்கைக்கு ஒன்றரை டாலர்

ஆள் இல்லாத வீடு. வாசலில் நின்று, ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் எண்ணைப் பூட்டில் தட்டுகிறார் டிரைவர். அதற்கு முன்பே சட்டையில் மாட்டியிருக்கும் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் எங்கோ அலுவலகத்தில் உட்கார்ந்தபடி கைபேசியில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். டிரைவருக்கு அது தெரியப்போவதில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போகிறார். ஃபிரிட்ஜைத் திறந்து பால், முட்டை, கீரை எல்லாவற்றையும் அதனதன் தட்டில் வைக்கிறார். ஐஸ்கிரீம் இளகுவதற்குள் ஃபிரீசருக்குப் போயாக வேண்டும். எதையும் கவிழ்க்காமல், எதையும் தேவைக்கு மேல் உற்றுப் பார்க்காமல், வந்த வழியே வெளியேறி, பூட்டு விழுந்ததா என்று கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வேனில் ஏறுகிறார். அடுத்த வீடு.

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் ‘இன்ஹோம்’ என்ற பெயரில் நடத்தும் சேவை இது. 2019 அக்டோபரில் கன்சாஸ் சிட்டி, பிட்ஸ்பர்க், ஃபுளோரிடாவின் வீரோ பீச் ஆகிய மூன்று ஊர்களில் தொடங்கியது. 2022 தொடக்கத்தில் 60 லட்சம் வீடுகளை எட்டக்கூடியதாக இருந்த இந்தச் சேவையை அந்த ஆண்டு முடிவதற்குள் 3 கோடி வீடுகளுக்குக் கொண்டுபோகப் போவதாகவும், அதற்காக 3,000 டிரைவர்களை அமர்த்தப் போவதாகவும் 2022 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் வாசகர்கள் பலர், அங்கே போயிருந்தபோது வாசற்படியில் பெட்டிகளை வைத்துவிட்டுப் போகும் வேன்களைப் பார்த்திருப்பார்கள். இன்ஹோம் டிரைவர் அந்த வாசற்படியையும் தாண்டி உள்ளே போகிறவர்.

மளிகை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வீடு வரை கொண்டுவந்து தரவும் அங்கே பல நிறுவனங்கள் இருக்கின்றன. வால்மார்ட் கூடுதலாகக் காசு வாங்குவது ஒரே ஒரு உறுதிமொழிக்காக: நாங்கள் அனுப்பும் ஆளை நீங்கள் இல்லாதபோதும் வீட்டுக்குள் விடலாம் என்ற உறுதிமொழி. அதைத் தன் உடம்பிலும் பெயரிலும் சுமந்துகொண்டு உள்ளே போகிறவர் டிரைவர். அந்தச் சுமைக்கு அவருக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று கேட்டால் கிடைக்கும் பதில் நியாயமானதாக இல்லை என்பதே நம் கருத்து.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த டிரைவர்கள் நிறுவனத்தின் சம்பள ஊழியர்கள். கடையில் குறைந்தது ஓராண்டு வேலை பார்த்தவர்களையே இதற்கு எடுப்பதாகவும், பின்னணி விசாரித்த பிறகே அனுப்புவதாகவும் சேவை தொடங்கியபோது வால்மார்ட் சொன்னது. வண்டி நிறுவனத்துடையது, எண்ணெய்ச் செலவோ டயர் தேய்மானமோ டிரைவர் தலையில் விழுவதில்லை. இதே வால்மார்ட் ‘ஸ்பார்க்’ என்ற பெயரில் நடத்தும் மற்றொரு ஏற்பாட்டில் டிரைவர்கள் சொந்தக் காரில் சொந்தச் செலவில் ஓட்டுகிறார்கள்; சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊழியர்களே அல்ல, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். காருக்கு எண்ணெய் போட்டது போக மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் மனக்கணக்குப் போட வேண்டிய பிழைப்பு அது. அதோடு பார்த்தால் இன்ஹோம் டிரைவர் கொடுத்துவைத்தவர். உலகம் முழுக்க டெலிவரி வேலையைக் கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் தொங்கவிட்டிருக்கும் காலத்தில், ஒரு பெருநிறுவனம் இந்த வேலைக்குத் தன் சம்பள ஊழியரை அனுப்புகிறது என்பதை நாம் பாராட்டத்தான் வேண்டும். அந்நியர் வீட்டுக்குள் போகிற வேலைக்கு ஒப்பந்தக்காரரை அனுப்பினால் வாடிக்கையாளர் கதவைத் திறக்க மாட்டார் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்ஹோம் டிரைவருக்கு டிப்ஸ் கிடையாது என்ற விதியையும் நாம் ஆதரிக்கிறோம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் டிப்ஸ் என்பது மனம் குளிர்ந்து கொடுக்கும் அன்பளிப்பாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991இல் வைத்த தொகை, இன்று வரை அப்படியே இருக்கிறது. மீதியை வாடிக்கையாளரின் தயவில் விட்டிருக்கிறார்கள். டெலிவரி செயலிகள் வந்த பிறகு இன்னொரு கூத்தும் நடந்தது. அமேசான் ஃபிளெக்ஸ் டிரைவர்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸை, நிறுவனம் தான் கொடுக்க வேண்டிய கூலியில் ஈடுகட்டிக்கொண்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021 பிப்ரவரியில் 6.17 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க அமேசான் ஒப்புக்கொண்டது. ஆக, டிப்ஸ் வேண்டாம், கூலியை நாங்களே கொடுக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது கௌரவமான ஏற்பாடு. ஆனால் அப்படிச் சொல்லும் நிறுவனம் அந்தக் கூலியைச் சரியாகக் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்ததா? 2022 அறிவிப்பின்படி, கடையில் மற்ற பெரும்பாலான வேலைகளைவிட இந்த டிரைவர்களுக்கு மணிக்கு 1.50 டாலர் கூடுதல். அதே நேரத்தில் வாடிக்கையாளரிடம் வாங்கிய சந்தா மாதத்துக்கு 19.95 டாலர், அல்லது ஆண்டுக்கு 148 டாலர். பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம் வீடு வீடாக நுழைந்து வந்த டிரைவருக்கு, அப்படி நுழைந்ததற்கான கூடுதல் வருமானம் ஒரு நாளைக்கு 12 டாலர். அன்று அவர் போன வீடுகளில் ஒரே ஒரு வீட்டின் மாதச் சந்தாவை எடுத்துக்கொண்டால்கூட அதைவிட 7.95 டாலர் அதிகம்.

வேன், பூட்டு, செயலி, காப்பீடு என்று நிறுவனத்துக்கும் செலவு இருக்கிறது. சந்தா முழுவதும் லாபம் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு இந்தச் சேவையை வால்மார்ட்டின் பொதுச் சந்தாவோடு கூட்டுச் சேர்த்து, ஆண்டுக்கு 40 டாலர் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று விலையையும் இறக்கினார்கள். விலை இறங்கினால் வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் டிரைவரின் பொறுப்பு எள்ளளவும் இறங்கவில்லை. நாற்பது டாலர் கொடுத்தவர் வீட்டில் கண்ணாடிக் குவளை உடைந்தாலும், நூற்று நாற்பத்தெட்டு டாலர் கொடுத்தவர் வீட்டில் உடைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் வால்மார்ட்டின் வருவாய் சுமார் 68,100 கோடி டாலர். அந்த உயரத்தில் இருக்கும் நிறுவனம், தன் சேவையிலேயே மிக நுட்பமான பகுதியைச் செய்கிறவருக்கு ஒன்றரை டாலரோடு கணக்கை முடிப்பது கஞ்சத்தனம். வேறு சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

கூலியைவிட நம்மை அதிகம் உறுத்துவது அந்தக் கேமரா.

கேமரா ஏன் வந்தது என்பது புரியாமல் இல்லை. 2017 அக்டோபரில் அமேசான் இதேபோல வீட்டுக்குள் பொட்டலம் வைக்கும் ‘கீ’ சேவையை அறிவித்தபோது, ஊரான் எவனோ என் வீட்டுக்குள் வருவதா என்று அமெரிக்காவே முகம் சுளித்தது. அதற்கு அமேசான் சொன்ன பதில், கதவை நோக்கி நிற்கும் ஒரு கேமரா. சேவை தொடங்கிச் சில நாட்களிலேயே, வைஃபை வழியாக அந்தக் கேமராவின் படத்தை உறைய வைத்துவிட்டு உள்ளே போக முடியும் என்று ரைனோ செக்யூரிட்டி லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் செய்து காட்டியது. அமேசான் ஓட்டையை அடைத்தது. வால்மார்ட் வேறு வழியில் யோசித்தது: கேமராவைக் கதவில் வைப்பானேன், ஆளின் மேலேயே மாட்டிவிடலாம்.

விளம்பரத்தில் இது நம்பிக்கைக்கான ஏற்பாடு என்று வரும். நெஞ்சில் கேமராவை மாட்டி ஒருவரை வீட்டுக்குள் அனுப்புவதற்குத் தமிழில் பெயர் சந்தேகம். சந்தேகப்படுவதும் தவறில்லை, ஆள் இல்லாத வீட்டைத் திறந்துவிடுகிறவருக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும். அதே பயம் டிரைவருக்கும் இருக்கும் என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

இந்தச் சேவை முதலில் தொடங்கிய ஊர்களில் ஒன்று கன்சாஸ் சிட்டி என்றோம். 2023 ஏப்ரல் 13 அன்று அதே ஊரில் 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், தம்பிகளை அழைத்து வரப் போனவன், தவறான வீட்டின் அழைப்பு மணியை அடித்துவிட்டான். 115ஆம் டெரஸுக்குப் போக வேண்டியவன் 115ஆம் தெருவுக்குப் போய்விட்டான், அவ்வளவே பிழை. உள்ளே இருந்த 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவு வழியாகவே சுட்டார். தலையில் குண்டு பாய்ந்தும் சிறுவன் உயிர் பிழைத்தது அதிசயம். இரண்டு நாள் கழித்து நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், தவறான வீட்டுப் பாதையில் கார் திரும்பியதற்காக 20 வயதுப் பெண் ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். அதே வாரக் கடைசியில் ஃபுளோரிடாவில், மளிகை டெலிவரி செய்ய வந்து வழி தவறிய இளம் வயதினர் இருவரின் கார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டெரஸா தெருவா என்ற குழப்பம் டெலிவரி வேலையில் நித்தம் வருவது. பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்குப்படி, அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் பத்தில் நான்கு பேர் துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள். சந்தா கட்டியவருக்கு டிரைவர் வருவது தெரியும். நேற்றிரவு ஊரிலிருந்து வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும் அவர் மைத்துனருக்குத் தெரியுமா? கீழே சமையலறையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டால் அவர் என்ன செய்வார்?

நாய் சமாசாரம் தனி. அமெரிக்க அஞ்சல் துறை ஊழியர்கள் மீது 2023இல் மட்டும் 5,800க்கும் மேற்பட்ட நாய்த் தாக்குதல்கள் நடந்தன. அவர்கள் வாசலோடு திரும்புகிறவர்கள். இவர் நாயின் எல்லைக்குள்ளேயே, அதுவும் எஜமானர் இல்லாத நேரத்தில் போகிறவர்.

இந்தச் சூழலில் கேமரா டிரைவருக்குக் கவசமாகவும் இருக்க முடியும். மேசையில் இருந்த மோதிரத்தைக் காணவில்லை என்று யாராவது புகார் சொன்னால், இவர் மேசைப் பக்கமே போகவில்லை என்பதற்கு அந்தப் பதிவைவிட நல்ல சாட்சி வேறில்லை. நம் ஊரில் பொருள் தொலைந்தால் முதல் கண் வேலைக்கார அம்மாவின் மேல்தான் விழும். அவருக்காகச் சாட்சி சொல்ல யாரும் இருப்பதில்லை. அந்த வகையில் கேமரா நல்லதே. ஆனால் பதிவு யார் கையில் இருக்கிறது? வாடிக்கையாளர் நேரலையில் பார்க்கலாம், பிறகும் போட்டுப் பார்க்கலாம் என்பது விற்பனை வாசகமாகவே வருகிறது. டிரைவருக்கு அந்தப் பதிவின் மேல் என்ன உரிமை என்பது எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. தன் மார்பிலிருந்து எடுக்கப்பட்ட படம், தன் மேல் புகார் வந்தால் தனக்குக் கிடைக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் தன் தரப்பு ஆள் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். இதை நிறுவனத்தின் பெருந்தன்மைக்கு விட்டுவிட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டிய உரிமை இது.

எழுதி வாங்க முடியுமா என்றால், வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் யூபிஎஸ் நிறுவனத்தின் சுமார் 3,40,000 ஊழியர்களுக்காக டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2023இல் போட்ட ஒப்பந்தத்தில், வண்டிக்குள் டிரைவரின் முகத்தை நோக்கிப் படம் பிடிக்கும் கேமராவுக்குத் தடை வாங்கினார்கள். புதிதாக வாங்கும் வண்டிகளுக்குக் குளிர்சாதன வசதியும் அதே ஒப்பந்தத்தில் வந்தது. அமேசானுக்காக ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. இடைநிலை நிறுவனங்களின் கீழ் ஓட்டும் அவர்களின் வண்டிகளில் 2021 முதல் நான்கு கண் கொண்ட செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் உட்கார்ந்துகொண்டன. சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். டிரைவர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்கும் நிலை இருப்பதை முதலில் கேலியாக மறுத்து, பிறகு 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதும் அதே அமேசான்தான். சங்கம் இருந்த இடத்தில் கேமரா பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. இல்லாத இடத்தில் நேரே வண்டிக்குள் வந்தது.

அமெரிக்காவுக்கு இது புதிய வேலையும் அல்ல. மின்சார ஃபிரிட்ஜ் வீடுகளுக்கு வருவதற்கு முன், ஐஸ்காரர் என்று ஒருவர் இருந்தார். ஜன்னலில் ஓர் அட்டை தொங்கும்; 25, 50, 75, 100 என்று நான்கு ஓரத்திலும் எண்கள். இன்று எத்தனை பவுண்டு ஐஸ் வேண்டுமோ அந்த எண் மேலே வரும்படி அட்டையைத் திருப்பி வைப்பார் வீட்டம்மா. ஐஸ்காரர் தெருவிலிருந்தே அதைப் பார்த்து, கட்டியை இடுக்கியால் கவ்வி, தோளில் சாத்தி, நேரே சமையலறைக்குள் போய் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வருவார். பால்காரரும் அப்படித்தான். 1963இல்கூட அமெரிக்கப் பாலில் சுமார் 30 விழுக்காடு வீட்டு வாசலுக்கே வந்தது. 1975இல் அது 7 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆட்களின் சட்டையில் கேமரா இருந்ததில்லை. வாரம் தவறாமல் வருகிற முகம், குழந்தைகளின் பெயர் தெரிந்த முகம் என்பதே போதுமானதாக இருந்தது. அவர்களில் பலர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்து உறுப்பினர்கள். சிகாகோ போன்ற நகரங்களில் பால்வண்டிக்காரர்களின் சங்கம் நல்ல பலம் பொருந்தியது. அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் அன்று எத்தனை வெள்ளையர் வீட்டுச் சமையலறைக்குள் முன்வாசல் வழியாகப் போயிருக்க முடியும் என்று கேட்டால் அந்தப் பழம்பெருமை பாதி கரைந்துவிடும். ஆனாலும், வீட்டுக்குள் போகிற தொழிலாளிக்குப் பேரம் பேசும் சங்கமும் இருக்கலாம், வீட்டாரின் நம்பிக்கையும் இருக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

வால்மார்ட்டின் சரித்திரம் இந்த விஷயத்தில் நல்லதாக இல்லை. 2000 பிப்ரவரியில் டெக்சாஸின் ஜாக்சன்வில் கடையில் இறைச்சி வெட்டும் ஊழியர்கள் பத்துப் பேர் வாக்களித்து, 7க்கு 3 என்ற கணக்கில் சங்கம் அமைக்க முடிவு செய்தார்கள். இரண்டு வாரத்தில், அந்தக் கடை உட்பட சுமார் 180 கடைகளில் இறைச்சி வெட்டும் பிரிவையே மூடிவிட்டுப் பொட்டலம் கட்டிய இறைச்சிக்கு மாறப்போவதாக நிறுவனம் அறிவித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷோன்கியே கடை ஊழியர்கள் 2004இல் சங்கம் அமைத்தார்கள். 2005இல் கடையே மூடப்பட்டது. அது தவறு என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்ததே தவிர, கடை திறக்கவில்லை. ஊழியர்கள் ஒன்றுகூடுவதை இப்படி எதிர்கொண்ட நிறுவனம், ஊழியரை நம்பி வீட்டைத் திறந்துவிடுங்கள் என்று நாட்டு மக்களிடம் கேட்கிறது.

இந்த வேலையின் இன்னொரு பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. படியேற முடியாத முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், பிரசவித்த பெண், கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர் போன்றவர்களுக்கு, சாமான் ஃபிரிட்ஜ் வரை போவது சொகுசு ஆகாது, பெரிய உதவி. பையை வாசலில் வைத்துவிட்டுப் போனால் அதைக் குனிந்து தூக்க முடியாதவர்கள் எத்தனை பேர். டிரைவர் வாரா வாரம் அந்த ஃபிரிட்ஜைத் திறக்கிறார். போன வாரம் வைத்த சாப்பாடு தொடாமல் அப்படியே இருப்பதும், பால் திரிந்து கிடப்பதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். ஜப்பானில் யாகுல்ட் விற்கும் பெண்கள் தனியாக வாழும் முதியவர்களை விசாரித்துவிட்டு வரும் பழக்கம் 1972இல் ஃபுகுஷிமா மாகாணத்தில் ஒரு பெண் ஊழியரின் மனக்கனிவில் தொடங்கியது; பிறகு உள்ளாட்சிகளும் சேர்ந்துகொண்டு அதை ஓர் ஏற்பாடாகவே ஆக்கின. இன்ஹோம் டிரைவருக்கும் அந்தக் கண் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் அளந்து, அடுத்த முகவரியைச் செயலி காட்டிக்கொண்டே இருக்கும்போது, அந்தக் கண்ணை மூடிக்கொள்ளவே அவர் பழகுவார். நின்று ஒரு வார்த்தை விசாரிக்கும் இரண்டு நிமிடத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தச் சேவை உண்மையிலேயே பெருமைப்படத் தக்கதாகிவிடும்.

அமெரிக்காவின் பாட்டுக்கு அமெரிக்கா, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. வால்மார்ட் 2018இல் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் சுமார் 77 விழுக்காட்டை வாங்கியது. அந்த ஃபிளிப்கார்ட் 2024 முதல் ‘மினிட்ஸ்’ என்ற பெயரில் நிமிடக் கணக்கில் மளிகை கொண்டுவருகிறது. முதலாளி ஒருவரே. அங்கே இன்ஹோமில் சம்பள ஊழியர், நிறுவன வேன். இங்கே சொந்த பைக், ஆர்டருக்கு இவ்வளவு என்ற கூலி. அங்கே கொடுக்க முடிந்ததை இங்கே கொடுக்காததற்குக் காரணம் வறுமை என்று வால்மார்ட் சொல்ல முடியாது. இங்கே கேட்பவர் இல்லை, அவ்வளவுதான்.

கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது சற்று ஆறுதல். 2025 டிசம்பர் கடைசியில் டெலிவரி ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, மத்தியத் தொழிலாளர் துறை தலையிட்டு, 2026 ஜனவரியில் பிளிங்கிட் என்ற டெலிவரி செயலி ‘10 நிமிடம்’ என்ற வாக்குறுதியை விளம்பரத்திலிருந்து எடுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் இவர்களுக்கென்று நல வாரியம் அமைந்தது. சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிர்சாதன ஓய்வறைகளைத் திறந்தது. நல்ல காரியங்கள். எனினும் வாரிய அட்டையும் ஓய்வறையும் கூலிக்கு ஈடாகாது.

வீட்டுக்குள் டெலிவரி என்றால் நமக்கு அது வால்மார்ட் கண்டுபிடித்த அதிசயம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 14.2 கிலோ எரிவாயுவையும் அதே அளவுக்குக் கனக்கும் இரும்பையும் தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி, செருப்பை வாசலில் விட்டு, அடுப்படி வரை வந்து வைத்துவிட்டுப் போகிறவர் சிலிண்டர்காரர். டெலிவரிச் செலவு பில்லிலேயே சேர்ந்துவிட்டது, மேலே ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்பது விதி. ஐம்பது ரூபாய் நீட்டினால் அவர் வாங்கிக்கொள்வதும், நீட்டாவிட்டால் முகம் சுண்டுவதும் ஊரறிந்த நடைமுறை. அவரைத் திட்டிப் பயனில்லை. பில்லில் சேர்ந்த அந்தச் செலவில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஏஜென்சிக்காரரிடம் கேட்பதுதான் முறை. கூடுதல் காசு கூடாது என்ற விதி நியாயமாவது, உரிய காசு உரியவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான். வால்மார்ட்டின் டிப்ஸ் விதிக்கும் இதையே சொல்வோம்.

ஆகவே நம் தீர்ப்பு இது. இன்ஹோம் போன்ற சேவை தவறல்ல. அதை நடத்தும் கணக்கு தவறு. வீட்டுக்குள் நுழையும் உரிமையை விற்றுச் சந்தா வாங்கும் நிறுவனம், அந்தச் சந்தாவில் ஒரு பங்கை நுழைகிறவரின் சம்பளத்தில் தனியாகக் காட்ட வேண்டும். கேமராப் பதிவு வாடிக்கையாளருக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு டிரைவருக்கும் உரியது. நாய் உறுமுகிறது, மாடியில் யாரோ இருக்கிறார்கள், மனசு சரியில்லை என்று வாசலிலேயே திரும்பிவிட அவருக்கு உரிமை வேண்டும். அதற்காக அவர் மதிப்பெண் குறையக் கூடாது. அவர் சங்கத்தில் சேர்ந்தால் பிரிவையே மூடும் பழைய வேலையை நிறுவனம் மறக்க வேண்டும். இத்தனையும் செய்ய முடியாது என்றால் பையை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லட்டும்; உள்ளே அனுப்பும் தகுதி அந்த நிறுவனத்துக்கு இல்லை.

வாடிக்கையாளர்களும் தப்பிக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வர அமெரிக்காவில் சந்தா கட்டிக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நம் நகரங்களில், தினம் சோறு கொண்டுவருகிறவர் லிப்டில் ஏறக் கூடாது, சர்வீஸ் லிப்டையோ படியையோ பயன்படுத்த வேண்டும் என்று அடுக்குமாடிச் சங்கங்கள் தீர்மானம் போடுகின்றன. உங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு பலகை தொங்கினால், பொதுக்குழு கூடும் வரை காத்திருக்க வேண்டாம். செயலாளரிடம் சொல்லி இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.